கூற்றும் காட்சியும்: தொலைக்காட்சியில் ரோஜர் ஆக்ராய்டின் கொலை

துப்பறியும் கதை என்றவுடனே முகம் சுளிக்கும் புலவர் பலர். கொலை நடந்தது, கொன்றவன் யார்? விடை தெரிந்தபின் ஏட்டை மூடி ஒருபுறம் எறிய வேண்டியதுதானே, இதில் ஆராய்ச்சிக்கு இடமேது என்பது அவர்தம் வினா. அமெரிக்கத் திறனாய்வாளர் எட்மண்டு வில்சன் 1945ஆம் ஆண்டில் இதே வினாவை எழுப்பி ஒரு கட்டுரை வரைந்தார். ரோஜர் ஆக்ராய்டைக் கொன்றவன் எவனாயிருந்தால் எவர்க்கு என்ன என்னும் பொருள்படத் தலைப்பும் இட்டார். ஆயின் உலகம் அவர் சொல்லைக் கேட்கவில்லை. 1998ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பேராசிரியர் பியேர் பயார், ஆக்ராய்டைக் கொன்றவர் யார் என்ற ஒரே வினாவுக்காகத் தனிநூல் ஒன்று எழுதினார். 2013ஆம் ஆண்டில் பிரிட்டனின் குற்றக்கதை எழுத்தாளர் சங்கத்தார் வாக்களித்து, அதுவரை வெளிவந்த குற்றப் புதினங்களுள் தலைசிறந்தது இதுவே என்று தேர்ந்தெடுத்தனர். அகதா கிறிஸ்டி அம்மையார் எழுதிய அறுபதுக்கு மேற்பட்ட துப்பறியும் புதினங்களுள் இந்த ஒன்றற்கு மட்டும் இத்துணைச் சிறப்பு எதனால் வந்தது என்பதை அறிந்தாலன்றி, தொலைக்காட்சியில் அது பட்ட பாட்டை அளந்து கூற இயலாது.

கதையின் முடிச்சை அவிழ்க்காமல் அதன் அருமையைப் பேசவும் இயலாது. ஆதலின், 1926ஆம் ஆண்டில் வெளிவந்த இப்புதினத்தை இனிமேல்தான் படிக்க வேண்டும் என்றிருப்போர் இக்கட்டுரையை எடுத்து வைத்துவிட்டு, நூலை முடித்தபின் திரும்புவது நலம். அவர்தம் இன்பத்தைக் கெடுத்த பழி இப்பக்கத்துக்கு வேண்டா.

கிங்ஸ் அபட் என்பது ஆங்கில நாட்டுப்புறத்துச் சிற்றூர். அவ்வூர்ச் செல்வர் ரோஜர் ஆக்ராய்டு. அவர் மணக்க எண்ணியிருந்த கைம்பெண் திருமதி ஃபெரார்ஸ், வெரோனால் என்னும் உறக்க மருந்தை அளவுக்கு மிஞ்சி உண்டு இறந்துபோகிறாள். கொடியவனான தன் கணவனை நஞ்சிட்டுக் கொன்றவள் அவள். அதனை அறிந்த எவனோ ஒருவன் ஓராண்டாக அவளை அச்சுறுத்திப் பெரும்பொருள் பறித்து வந்தான். அவன் பெயரைத் தெரிவிக்கும் மடலொன்றை ஆக்ராய்டுக்கு எழுதிவிட்டே அவள் உயிர் நீத்தாள். அம்மடல் வந்து சேர்ந்த இரவிலேயே ஆக்ராய்டு தம் படிப்பறை நாற்காலியில், துனீசிய நாட்டுக் குத்துவாள் பாய்ந்து மாண்டு கிடக்கிறார். தொழிலிலிருந்து ஓய்வுபெற்று, அவ்வூருக்கு வந்து சுரைக்காய் பயிரிட்டுக்கொண்டிருக்கும் பெல்ஜிய நாட்டுத் துப்பறிவாளர் எர்க்யூல் புவாரோ வழக்கை ஏற்கிறார். அடுத்த வீட்டுக்காரரான டாக்டர் ஜேம்ஸ் ஷெப்பர்டு அவருக்குத் துணை செல்கிறார். கதை முழுவதையும் எடுத்துரைப்பவர் அந்த டாக்டரே. பொருள் பறித்தவரும் அவரே, கொன்றவரும் அவரே.

இவ்வெண்ணம் அம்மையார்க்கு எங்கிருந்து வந்தது என்பதும் ஒரு சுவையான செய்திதான். துப்பறிவாளனின் தோழனே குற்றவாளியாக இருந்தால் என்ன என்று அவர்தம் தமக்கையின் கணவர் ஜேம்ஸ் வாட்ஸ் ஒருமுறை சொன்னார். பின்னாளில் இந்தியாவின் கடைசி வைசிராயாக வந்த மவுண்ட்பேட்டன் பிரபுவும், இளைஞராய் இருந்தபோது, கதை சொல்பவனே கொலைஞனாக இருக்கும் ஒரு கதையமைப்பை மடல்வழி எழுதி அனுப்பினார். எண்ணம் எவர்க்கும் தோன்றலாம். அதனை ஒரு நூல் முழுவதும் ஒரு பொய்யும் சொல்லாமல் நடத்திக் காட்டியதே அம்மையாரின் ஆற்றல்.

தமிழ் இலக்கணம் கற்றோர்க்கு இதன் நுட்பத்தை விளக்குவது எளிது. அகப்பாட்டு ஒன்றைக் கையில் எடுத்தவுடன் நம் உரையாசிரியர்கள் முதலில் வினவுவது, இது யார் கூற்று என்பதே. தோழி கூற்றா, தலைவி கூற்றா, செவிலி கூற்றா என்று தெரிந்த பின்னரே பாட்டின் பொருள் திறக்கும். ஒரே செய்தியைப் பரத்தை சொன்னால் ஒரு பொருள். பாங்கன் சொன்னால் வேறு பொருள். கிறிஸ்டி அம்மையாரின் இந்நூல் முதல் வரி தொடங்கி இறுதி வரி வரை டாக்டர் கூற்று. அதனை வாசகர் மறந்துவிடுகின்றனர். ஆசிரியர் கூற்றாக எண்ணி நம்பிவிடுகின்றனர். அந்த மறதியிலேதான் கதை முழுவதும் நிற்கிறது.

கொலை நடந்த பகுதியை எடுத்துக்கொள்வோர் இதனைத் தெளிவாகக் காண்பர். இரவு எட்டு மணி நாற்பது நிமிடத்துக்கு மடல் உள்ளே வருகிறது. ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது டாக்டர் அறையை விட்டு நீங்குகிறார். மடல் இன்னும் படிக்கப்படாமலே கிடக்கிறது என்று எழுதுகிறார். செய்ய வேண்டியதில் ஏதேனும் விட்டுப்போயிற்றா என்று வாயிலில் நின்று திரும்பிப் பார்த்ததாகவும் எழுதுகிறார். இவற்றுள் ஒரு சொல்லும் பொய்யன்று. இடைப்பட்ட பத்து நிமிடத்தில் ஓர் உயிர் போயிற்று என்பதை மட்டும் அவர் எழுதவில்லை. இறுதி அதிகாரத்தில் இந்த இடத்தைத் தாமே எடுத்துக்காட்டி, எவ்வளவு திறமாக எழுதியிருக்கிறேன் பார்த்தீர்களா என்று பெருமை கொள்ளவும் செய்கிறார். நன்னூலார் கூறும் உத்திகளுள் உய்த்துணர வைப்பு என்பது ஒன்று. உய்த்துணர இடம் வைத்துவிட்டு, உணராத வாசகரைப் பார்த்துச் சிரிப்பது இந்த டாக்டரின் வழக்கம்.

இந்நூல் வந்தபோது, வாசகரை ஏமாற்றிவிட்டார் என்று குறை கூறியோர் உண்டு. ரொனால்டு நாக்ஸ் பாதிரியார் 1929ஆம் ஆண்டில் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தபோது, எவனுடைய எண்ணங்களை வாசகர் பின்தொடர்ந்து வந்தனரோ அவன் குற்றவாளியாக இருத்தல் ஆகாது என்று முதற் கட்டளையிலேயே விதித்தார். ஆனால் டாக்டர் ஷெப்பர்டின் எண்ணங்களை வாசகர் எப்போது பின்தொடர்ந்தனர்? அவர் எழுதியதைத்தான் பின்தொடர்ந்தனர். எண்ணம் வேறு, எழுத்து வேறு. இவ்வேறுபாடே நூலின் உயிர்நிலை.

இதனைத் தொலைக்காட்சியில் எங்ஙனம் காட்டுவது? காமிராவுக்குக் கூற்று என்பது இல்லை. அது காட்டும், சொல்லாது. அது காட்டுவதைக் காண்போர் நடந்த நிகழ்ச்சியாகவே கொள்வர். 1950ஆம் ஆண்டில் ஆல்பிரட் ஹிட்ச்காக் 'ஸ்டேஜ் ஃபிரைட்' என்ற படத்தில், ஒருவன் சொல்லும் பொய்யைப் பின்னோக்குக் காட்சியாகக் காட்டினார். பொய் என்று பின்னர்த் தெரிந்தபோது மக்கள் சினந்தனர். தாம் செய்யத் தகாததைச் செய்துவிட்டதாக அவரே பின்னாளில் பிரெஞ்சு இயக்குநர் துருஃபோவிடம் ஒப்புக்கொண்டார். மனிதன் பொய் சொன்னால் பொறுப்பவர்கள் காமிரா பொய் சொன்னால் பொறுப்பதில்லை.

சரி, பொய் சொல்ல வேண்டா. டாக்டரைப் போலவே சிலவற்றை விட்டுவிட்டால் போதாதா என்று கேட்கலாம். அங்கேதான் இடர் பெரிது. நாடகத்தில் ஒரு காட்சி முடிந்து மறு காட்சி தொடங்கும்போது நடுவே பத்து நிமிடம் மறைந்துபோவது இயல்பு. எல்லா நாடகத்திலும் எல்லா இரவிலும் அது நிகழ்கிறது. அந்த வெட்டை யாரும் ஐயுறுவதில்லை. யாரும் அதற்குப் பொறுப்பாளியும் அல்லர். நூலில் அந்தப் பத்து நிமிடத்தை விழுங்கியவர் டாக்டர். திரையில் அதனை விழுங்கியவர் படத்தொகுப்பாளர். குற்றவாளியின் கைவண்ணமாக இருந்த ஒன்று தொழிலாளியின் அன்றாட வேலையாக மாறிவிடுகிறது. ஒரு கொலைக் கதை அப்படியே இருக்க, அதனுள் இருந்த மற்றொரு குற்றம், அதாவது எழுத்தால் செய்த குற்றம், ஓசையின்றிக் காணாமற் போகிறது.

பிரிட்டிஷ் முயற்சி

ஐ.டி.வி. நிறுவனத்தார் 1989ஆம் ஆண்டு தொடங்கி 2013ஆம் ஆண்டு வரை எழுபது புவாரோ நாடகங்களை ஒளிபரப்பினர். டேவிட் சுசே அவர்களே அத்தனையிலும் புவாரோ. அவர்தம் பணியைக் குறைத்துப் பேச எவர்க்கும் நா எழாது. நூல்களை எல்லாம் வரிசையாகப் படித்து, புவாரோவின் இயல்புகளைத் தொண்ணூற்று மூன்று குறிப்புகளாக எழுதி வைத்துக்கொண்டு நடித்தவர் அவர். தேநீரில் எத்தனை சர்க்கரைக் கட்டி என்பது வரை அதில் உண்டு. சிறுகதைகளை ஒருமணி நேர நாடகமாக்கிய தொடக்க ஆண்டுகளில், கிளைவ் எக்ஸ்டன் அவர்களின் வசனமும், 1930ஆம் ஆண்டுகளின் கட்டடங்களும், ஹேஸ்டிங்ஸ், ஜாப், லெமன் அம்மை ஆகிய மூவரின் துணையும் சேர்ந்து ஒரு குறையும் இல்லாத இன்பத்தை அளித்தன. இன்றும் உலகின் பல நாடுகளில் அவை மறுபடி மறுபடி காட்டப்படுகின்றன.

அதே எக்ஸ்டன் எழுதி, ஆண்ட்ரூ கிரீவ் இயக்கிய 'ரோஜர் ஆக்ராய்டின் கொலை' 2000ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள் ஒளிபரப்பாயிற்று. காஸில் கூம் என்னும் அழகிய ஊரில் படமெடுத்தனர். டாக்டராக ஆலிவர் ஃபோர்டு டேவிஸ், அவர்தம் தமக்கை கேரலைனாகச் செலினா கேடல். நடிப்பில் இருவரும் தாழ்ந்தவர் அல்லர். ஆயினும் நூலைப் படித்தோர்க்கு அந்நாடகம் ஏமாற்றமாகவே முடிந்தது.

எக்ஸ்டன் இடரை அறியாதவர் அல்லர். டாக்டரின் எழுத்தை எப்படியேனும் கொண்டுவர வேண்டும் என்று எண்ணி, கொலைஞனின் நாட்குறிப்பு ஒன்றை அமைத்தார். அந்த நாட்குறிப்பு புவாரோ வாயிலாகக் காண்போர் செவிக்கு எட்டுகிறது. ஊராரை இகழ்ந்து வெறுப்பை உமிழும் எழுத்து அது. இதனால் நேர்ந்தது என்ன? இதை எழுதியவன் தீயவன் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துபோகிறது. எழுதியவன் பெயர் மட்டும் தெரியவில்லை. நூலிலோ எழுதியவர் பெயர் முதலிலேயே தெரியும்; அவர் தீயவர் என்பதுதான் தெரியாது. இரண்டும் நேர் எதிர். அன்றியும், நூலில் வரும் டாக்டரின் எழுத்து வெறுப்புமிழ்வது அன்று. நகைச்சுவையும் அடக்கமும் நிறைந்தது, நல்ல அண்டை வீட்டுக்காரர் வேலிக்கு அப்பால் நின்று பேசுவது போன்றது. அதனாலன்றோ வாசகர் அவரை நம்பினர்! வெறுக்கத்தக்க குரலில் பேசும் கொலைஞனால் ஏமாறுவோர் யார்?

இரண்டாவது மாற்றம் சிறிதாகத் தோன்றும். ஆனால் இதுவே கேட்டுக்கு மூலம். நூலில் ஹேஸ்டிங்ஸ் இல்லை. அவர் தென்னமெரிக்காவில் இருக்கிறார். வெறுமையாய்க் கிடந்த அவர்தம் நாற்காலியில் டாக்டர் வந்து அமர்கிறார். புவாரோவே அதனைச் சொல்லி மகிழ்கிறார். துப்பறிவாளரின் தோழன் என்ற அந்த நாற்காலியே டாக்டருக்குக் கிடைத்த வேலி. வாட்சன் தொடங்கி அந்நாற்காலியில் இருந்தோர் எவரையும் வாசகர் ஐயுற்றதில்லை. தொலைக்காட்சியிலோ, தொடரைப் பார்த்துப் பழகியோர்க்கு வேண்டியவர் என்பதற்காக, நூலில் இல்லாத தலைமை இன்ஸ்பெக்டர் ஜாப்பைக் கொண்டுவந்து புவாரோவின் பக்கத்தில் நிறுத்தினர். நாற்காலி நிறைந்துவிட்டது. டாக்டர் ஐயத்துக்குரியோர் வரிசையில் பத்தோடு பதினொன்றாகப் போய் நின்றார். வரிசையில் நிற்பவரைக் குற்றவாளி என்று காட்டுவதில் வியப்பு என்ன இருக்கிறது? போதாக்குறைக்கு, பணியாள் பார்க்கரையும் டாக்டர் மோட்டார் வண்டியேற்றிக் கொன்றதாக ஒரு கொலை கூட்டப்பட்டது. தொகை கூடினால் சுவை கூடும் என்று எண்ணினர் போலும்.

நூலைப் படித்தோர் நினைவில் நிற்கும் ஓர் அதிகாரத்தை ஈண்டுக் குறிப்பிடாமல் போவதற்கில்லை. மாஜோங்கு ஆட்டம் நம் நாட்டினர்க்குப் புதிதன்று. சுவரை அடுத்த வீட்டிலிருந்து அந்தக் காய்கள் உருளும் ஓசையைக் கேட்டே வளர்ந்தோர் பலர். 1920ஆம் ஆண்டுகளில் அவ்வாட்டம் இங்கிலாந்தைப் பற்றிக்கொண்டது. பதினாறாம் அதிகாரத்தில் டாக்டர் வீட்டில் நால்வர் கூடி ஆடுகின்றனர்: டாக்டர், கேரலைன், கேனட் என்னும் முதுகன்னி, ஷாங்காய் மன்றத்தில் ஆடிய பெருமையைப் பேசி ஓயாத கர்னல் கார்ட்டர். காய் எடுப்பதும் கொலையைப் பற்றிப் பேசுவதும் மாறி மாறி வருகின்றன. யார் எதைச் சொன்னார், யார் எந்தக் காயை எறிந்தார் என்று பிரிக்கவே இயலாதவாறு அம்மையார் பின்னியிருக்கிறார். கடைசியில் டாக்டருக்கு, காய் எடுத்தவுடனே ஆட்டம் முடியும் அரிய கை ஒன்று விழுகிறது. அந்த மகிழ்ச்சி வெறியில், புவாரோ மீன்குளத்தில் கண்டெடுத்த மோதிரத்தைப் பற்றிய செய்தியை வாய் தவறி உளறிவிடுகிறார். எழுதும்போது ஒரு சொல்லும் சிந்தாத மனிதர், வெற்றி வந்தபோது வாயைக் கட்ட மாட்டாதவர். அவர்தம் குணம் முழுவதும் அந்த ஒரு நொடியில் வெளிப்படுகிறது. ஆயினும் படிப்போர் அதனை வேடிக்கை என்றே எண்ணிக் கடந்துபோவர். ஏறக்குறைய நூறு நிமிடத்துக்குள் கதையை முடிக்க வேண்டிய நாடகத்தில் இத்தகைய இரவுகளுக்கு இடம் கிடைப்பது அரிது. துப்புகளை எல்லாம் கொண்டுபோய்விடலாம். ஊரைக் கொண்டுபோக முடிவதில்லை.

கேரலைன்

கேரலைனைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். வீட்டை விட்டு நகராமலே ஊர்ச்செய்தி அனைத்தையும் அறிந்துவிடும் முதுகன்னி அவள். பால்காரனும் மீன்காரனும் அவளுக்கு ஒற்றர்கள். தம்பி கொலைகாரன் என்பதை மட்டும் அவள் அறியவில்லை.

இப்புதினம் மேடை ஏறியது 1928ஆம் ஆண்டில். மைக்கேல் மார்ட்டன் என்பார் 'அலிபி' என்ற பெயரில் நாடகமாக்கினார். சார்லஸ் லாட்டன் புவாரோவாக நடித்தார். புவாரோவின் அகவையில் இருபதைக் குறைத்து, பெண்கள் பலர் காதலிக்கும் கட்டழகனாக ஆக்க வேண்டும் என்பது மார்ட்டனின் முதல் திட்டம். அம்மையார் அதனை எதிர்த்து நிறுத்தினார். ஆனால் கேரலைனைக் காக்க அவரால் இயலவில்லை. அவள் இருந்த இடத்தில் இளமங்கை ஒருத்தியைக் கொண்டுவந்து வைத்தனர். நூலிலேயே தமக்கு மிக விருப்பமான பாத்திரம் கேரலைன்தான் என்றும், அவளை இழந்த மனக்குறையே பின்னர் மார்ப்பிள் அம்மையைப் படைக்கத் தூண்டியிருக்கக்கூடும் என்றும் கிறிஸ்டி தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். ஒரு பாத்திரத்தை நாடகக்காரர் கொன்றதனால் மற்றொரு பாத்திரம் பிறந்தது என்றால், அதுவும் ஒருவகை ஆதாயமே. 2000ஆம் ஆண்டு நாடகம் கேரலைனை மீண்டும் முதுகன்னியாகவே காட்டியது. அந்த அளவில் அதற்கு நன்றி கூறத் தகும்.

மேலே சொன்ன பயார் பேராசிரியர் கொலைஞர் கேரலைனே என்றும், தமக்கையைக் காக்கவே டாக்டர் பழியைத் தம்மேல் ஏற்றுக்கொண்டார் என்றும் வாதிடுகிறார். ஏற்பதற்கில்லை, ஆயினும் பொய் சொல்லாமலே பொய் பேசும் ஒருவரின் வாக்குமூலத்தை மட்டும் எதற்காக நம்புவது என்ற அவர்தம் கேள்வியைத் தள்ளிவிடவும் முடியாது. அப்படி ஒரு கேள்வியைத் தொலைக்காட்சி நாடகத்தைப் பார்த்தவர் எவரும் கேட்கமாட்டார். அங்கே கேட்பதற்கு இடைவெளி இல்லை.

இடைவெளியைக் காமிராவால் ஆக்கவே முடியாது என்று முடிவுகட்டிவிடுவதும் தவறு. அதே சுசே தொடரில் 2003ஆம் ஆண்டு திசம்பரில் வந்த 'ஐந்து குட்டிப் பன்றிகள்' அதற்குச் சான்று. பதினாறு ஆண்டுக்கு முன் நடந்த ஓர் ஓவியனின் கொலையைப் பற்றி ஐவர் எழுதித் தரும் ஐந்து கூற்றுகளே அப்புதினம். கெவின் எலியட் எழுத, பால் அன்வின் இயக்கினார். ஒவ்வொருவர் நினைவும் அவரவர் கண்ணால் கண்டதாகவே வருகிறது. வெயில் மிகுந்த பழைய கோடைக்காலம் நடுங்கும் படங்களாய் வந்து போகிறது. நிகழ்காலம் குளிர்ந்து அசையாது நிற்கிறது. காண்போர் ஒவ்வொரு காட்சியிலும், இது நடந்தது அன்று, இவர் நினைப்பது என்று உணர்ந்துகொண்டே இருக்கின்றனர். எனவே, கூற்றைக் காட்சியாக்குவது கூடும். நூலில் சிறையில் நோயால் இறக்கும் மனைவியை நாடகத்தில் தூக்கிலேற்றினர். பிலிப் பிளேக்கின் காதலைப் பெண்ணிடமிருந்து ஆணிடம் மாற்றினர். மாற்றங்கள் ஆக்ராய்டு நாடகத்தில் செய்தவற்றினும் துணிந்தவை. ஆயினும் நூலின் நெஞ்சு துடித்துக்கொண்டே இருந்தது. ஆகவே மாற்றியது குற்றமன்று. எதனை மாற்றலாகாது என்று அறியாததே குற்றம்.

ரஷ்யரும் ஜப்பானியரும்

ஆங்கிலேயர் தடுமாறிய இவ்விடத்தில் வேறு இரு நாட்டார் எங்ஙனம் நடந்தனர் என்பது நோக்கத்தக்கது. 2002ஆம் ஆண்டில் ரஷ்யத் தொலைக்காட்சியில் செர்கெய் உர்சுல்யாக் இயக்கிய ஐந்து பகுதித் தொடர் வந்தது. கான்ஸ்தாந்தீன் ராய்க்கின் புவாரோ. செர்கெய் மக்கோவெட்ஸ்கி டாக்டர். நூலை ஒட்டியே செல்லும் நிதானமான ஆக்கம் அது. ஐந்து பகுதி என்றால் ஊர்ப்பேச்சுக்கும் தேநீருக்கும் போதிய நேரம் உண்டு. அத்தொடரின் பெயர் 'புவாரோவின் தோல்வி'. பெயரைக் கேட்டவுடன், புவாரோ எங்கே தோற்றார் என்று திகைப்போர் உண்டு. நூலின் இறுதியில் டாக்டர் தாம் இந்த வரலாற்றை எழுதத் தொடங்கிய நோக்கத்தைச் சொல்கிறார்: துப்பு துலங்காமல் புவாரோ தோற்றுப்போவார், அத்தோல்வியின் வரலாறாக இதனை வெளியிடலாம் என்பதே அவர் எண்ணம். ஆகவே தொடரின் தலைப்பே டாக்டர் கூற்று! கொலைஞன் சூட்டிய பெயரைப் பெயரென்று அறியாமலே காண்போர் ஏற்றுக்கொண்டு ஐந்து பகுதியும் பார்க்கின்றனர். எழுத்திலிருந்த சூழ்ச்சியில் ஒரு துளியையேனும் திரைக்குக் கடத்தும் வழியை, தலைப்பு வைத்தவர் கண்டுகொண்டார்.

ஜப்பானியர் கண்ட வழி வேறு. நாடகாசிரியர் கோக்கி மித்தானி, 2018ஆம் ஆண்டு ஏப்ரலில் ஃபுஜி தொலைக்காட்சிக்காக இக்கதையை 1952ஆம் ஆண்டு ஜப்பானிய நாட்டுப்புறத்துக்கு மாற்றி எழுதினார். ஆக்ராய்டு என்ற பெயர் குரோய்தோ ஆயிற்று. ஒலியும் கெடவில்லை, ஜப்பானியக் குடும்பப் பெயராகவும் அமைந்தது. புவாரோவுக்கு நிகரான சுகுரோவாக நடித்தவர் கியோகென் என்னும் பழைய நகை நாடக மரபில் வந்த மான்சாய் நொமுரா. டாக்டராக வந்தவர் யோ ஓயிஸுமி. இங்கேதான் மித்தானியின் கூர்மை தெரிகிறது. ஓயிஸுமி அந்நாட்டு மக்கள் தம் வீட்டுப் பிள்ளை போல் விரும்பும் நகைச்சுவை நடிகர். துப்பறிவாளரின் பின்னே ஓடி, திட்டு வாங்கி, விழி பிதுங்க நிற்கும் தோழராகவே கதை முழுவதும் வருகிறார். நூலில் டாக்டரின் இனிய உரைநடை ஈட்டித்தந்த நம்பிக்கையை, திரையில் நடிகருக்கு மக்களிடம் இருந்த பழைய அன்பு ஈட்டித்தந்தது. ஆங்கில நாடகம் ஜாப்பிடம் கொடுத்துவிட்ட நாற்காலியை ஜப்பானிய நாடகம் டாக்டருக்கே விட்டுவைத்தது. இடமும் காலமும் பெயரும் மொழியும் மாறிய ஒன்று, காஸில் கூம் தெருக்களில் எடுத்த படத்தைவிட நூலுக்கு நெருங்கி நிற்கிறது என்றால், உண்மையாய் இருத்தல் என்பது உடையிலும் கட்டடத்திலும் இல்லை என்பது போதரும்.

இறுதியாக, முடிவு. நூலில் புவாரோ எல்லாரையும் கூட்டி வைத்துப் பேசி அனுப்பியபின், டாக்டரைத் தனியே நிறுத்தி உண்மையை உரைக்கிறார். இறந்தவர் குரல் ஒன்பதரை மணிக்கு அறைக்குள் கேட்டது டிக்டபோன் என்னும் ஒலிப்பதிவுப் பொறியால் என்பதையும், நாற்காலி இடம்பெயர்ந்து கிடந்த காரணத்தையும், நிலையத்திலிருந்து வந்த தொலைபேசி அழைப்பின் சூதையும் ஒவ்வொன்றாய் அவிழ்க்கிறார். காலையில் போலீசுக்குத் தெரிவிக்கப்படும். அதற்குள் வேறு வழி ஒன்று உண்டு என்கிறார். அந்த இரக்கம் டாக்டர்மீது கொண்டதன்று. நல்லவளான தமக்கை பொருட்டு. டாக்டர் வீடு திரும்பி, விடிய விடிய எழுதி முடித்து, திருமதி ஃபெரார்ஸ் உண்ட அதே வெரோனாலை எடுத்துவைக்கிறார். தமக்கை உண்மையை அறியவே மாட்டாள் என்பது ஒன்றே அவர் நினைப்பு. தமக்கென ஒரு வருத்தமும் அவர் கொள்ளவில்லை. அவளைப் பற்றி மட்டும் கொள்கிறார். நூலின் கொடுமையும் கனிவும் அந்த அறையில் ஒன்றாக இருக்கின்றன.

தொலைக்காட்சியில் டாக்டர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஆக்ராய்டின் ஆலைக்குள் ஓடுகிறார். புவாரோவும் ஜாப்பும் துரத்துகின்றனர். குண்டுகள் பறக்கின்றன, கடைசிக் குண்டு தமக்கே. அமைதியான மனிதரான ஆலிவர் ஃபோர்டு டேவிஸ் இரும்புப் படிகளில் ஏறி ஓடும் அக்காட்சியில் அவர்தம் முகத்திலேயே ஒரு சங்கடம் தெரிவதுபோல் இருக்கிறது. எழுதுகோலால் குற்றம் செய்த மனிதர் அவர். அவர் கையில் துப்பாக்கியைக் கொடுத்தது யாருக்காக? குண்டு வெடித்து, இன்ஸ்பெக்டர் ஊரெல்லாம் ஆள் அனுப்பிய பிறகு, பால்காரனும் மீன்காரனும் ஒற்றராய் இருக்கும் கேரலைனிடம் எதனை மறைப்பது?